ஒரே ஒரு போர்டு காட்டு

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்தில் வக்கீல் ஆவதற்கு ஒரே ஒரு படிப்புதான் இருந்தது. அதன் பெயர் பி.ஏ.பி.எல். அது இரண்டு படிப்பு, ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றைப் படிக்க வேண்டும் என்றெல்லாம் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. வாய் கொஞ்சம் நீண்ட பிள்ளையைப் பார்த்தால், "இன்னாடா, பெரிய பி.ஏ.பி.எல். மாரி பேசிக்கினு கீற?" என்பார்கள். அந்த ஏச்சை நான் சின்ன வகுப்பிலிருந்தே வாங்கிக்கொண்டிருந்தேன். பெண் பிள்ளை என்பதால் 'டா'வுக்குப் பதில் 'டி' போட்டார்கள், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட நான் எழுபதுகளின் கடைசியில் படித்துவைத்தது பி.எஸ்சி. விலங்கியல். பி.யு.சி.யில் இரண்டாவது குரூப் எடுத்தால் டாக்டர் ஆகலாம் என்று யாரோ நைனாவிடம் சொல்லியிருந்தார்கள். டாக்டர் சீட்டு கிடைக்கவில்லை. காஞ்சிபுரத்துக் கல்லூரியில் விலங்கியலில் இடம் காலியாக இருந்தது, சேர்ந்துவிட்டேன். தினமும் பஸ்ஸில் போய்த் தவளையையும் கரப்பான்பூச்சியையும் அறுத்துவிட்டு, கையில் மருந்து நாற்றத்தோடு திரும்பி வருவேன். அம்மா என்னைக் கிணற்றடியில் நிறுத்தி, சீயக்காய் போட்டுக் கை கழுவிய பிறகுதான் உள்ளே விடுவாள். விலங்குகள் மேல் எனக்குத் தனிப்பாசம் எதுவும் கிடையாது. கல்லூரியில் இருந்த காலம் முழுக்க என் மனசில் இருந்தது கோர்ட்டுதான்.

அதற்குக் காரணம் நைனாவின் தொழில். நைனா போர்டு எழுதுகிறவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்குச் சின்னதாக ஒரு கடை இருந்தது. தகரம், மரப்பலகை, சுவர், லாரியின் பின்பக்கம் என்று எது கிடைத்தாலும் எழுதுவார். காஞ்சிபுரம் வரைக்கும் அவர் எழுத்துக்கு மதிப்பு இருந்தது. எழுத்தெல்லாம் கறுப்பு, நீலம். சிவப்பை மட்டும் கண்டபடி செலவழிக்க மாட்டார். யார் கண்ணுக்கும் தப்பக் கூடாதது எதுவோ அதற்குத்தான் சிவப்பு. 'அபாயம்', 'நாய் ஜாக்கிரதை', அந்த மாதிரி.

ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் ஒருநாள் அடம்பிடித்து அவரோடு காஞ்சிபுரம் கோர்ட்டுக்குப் போனேன். வராந்தாவில் அவர் ஒரு வக்கீலுக்குப் பலகை மாட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் ஏரிக்கரைக் குடிசைகளில் இருக்கும் ஒரு அம்மா கோர்ட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார். அவர் குடியிருந்த மனையைப் பற்றிய வழக்கு அது. உள்ளே எல்லாவற்றையும் இங்கிலீஷில் பேசி முடித்துவிட்டார்கள். "இன்னா சொன்னாங்க? யாராச்சும் சொல்லுங்களேன், இன்னா சொன்னாங்க?" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். கறுப்புக் கோட்டுகள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. நான் ஓடிப்போய் வாசலில் நின்ற டவாலிச் சேவகரைக் கேட்டேன். "வாய்தா போட்டுட்டாங்க" என்றார். வந்து சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாச்சும் சொன்னியே" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு சொல், ஒரே ஒரு சொல், அதைச் சொல்ல இத்தனை படித்தவர்களுக்கு வாய் வரவில்லையே! நான் வக்கீல் ஆகாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பி.எஸ்சி. ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் நைனாவிடம் சொன்னேன். கடையில் தூரிகைகளை டர்பன்டைனில் நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நைனா, லா காலேஜுக்கு அப்ளிகேஷன் போடப்போறேன்."

சிரித்தார். "உனக்கு எப்பிடி குடுப்பான்? நீ பி.எஸ்சி. ஆச்சே."

"எந்த டிகிரியா இருந்தாலும் சேரலாம் நைனா."

"யாரு சொன்னது?"

"காலேஜ்ல சார் சொன்னாரு."

"அவரு வக்கீலா?"

"இல்ல, தாவரவியல்."

"அப்போ அவருக்கு இன்னா தெரியும்? நான் எத்தினி வருசமா வக்கீலுக்கு போர்டு எழுதிக்கினு கீறேன். பி.ஏ.பி.எல். எழுதிகீறேன். எம்.ஏ.பி.எல். கூட எழுதிகீறேன். பி.எஸ்சி.பி.எல்.னு ஒண்ணு எழுதினதே கெடையாது. அப்பிடி ஒண்ணு இருந்தா என் கைக்கு வராம எங்க பூடும்?"

நைனா எட்டாவதோடு நின்றவர். உலகத்தில் உள்ள படிப்பெல்லாம் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் தன் தூரிகை வழியாகத்தான் போயாக வேண்டும் என்பது அவர் எண்ணம். வக்கீல் போர்டு அடிக்கடி வந்ததால், 'பி.ஏ., பி.எல்.' என்பதை மெல்லிய தகட்டில் வெட்டி ஒரு அச்சு செய்து ஆணியில் மாட்டி வைத்திருந்தார். வக்கீல் என்ற சொல் காதில் விழுந்தாலே அவர் கை தானாக அந்த ஆணிக்குப் போகும். போதாக்குறைக்கு, யார் எந்தப் பொறுப்புக்கு நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று சோழர் காலத்திலேயே கோயில் சுவரில் வெட்டிவைத்த ஊர் எங்களுடையது. தகுதி என்ற பேச்சு வந்தால் எங்கள் ஆட்களுக்கு முதுகு நிமிர்ந்துவிடும்.

என் மேல் இன்னொரு கத்தியும் தொங்கிக்கொண்டிருந்தது. ஓரிக்கையில் அம்மாவின் அண்ணன் மகனுக்கு என்னைப் பேசி வைத்திருந்தார்கள். ரிசல்ட் வந்ததும் ஆவணியில் முடித்துவிடலாம் என்று பேச்சு. நல்ல பையன்தான். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறையெல்லாம் ஆவணி மாதத்தின் மேல்தான். லா காலேஜில் இடம் கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் தாலி, நடுவில் வேறு வழி இல்லை.

"ஆகாத எடத்துல போய் நின்னு மூஞ்சி சுண்டி வர்றதுக்கு, மாமா வூட்ல மருவாதியா இருக்கலாம்" என்றாள் அம்மா.

நைனா கெட்டவர் இல்லை. அவர் பயந்தது அவமானத்துக்கு. பட்டணத்தில் யாரோ ஒருவன் என் மார்க் ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இங்கே செல்லாதும்மா" என்று நாலு பேர் முன்னால் திருப்பிக் கொடுப்பான், அதை நான் வாங்கிக்கொண்டு வர வேண்டும். அவரால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன்.

விதிமுறைப் புத்தகத்தை வாங்கிக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். காட்டினேன். எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம் என்று இங்கிலீஷில் இருந்ததை விரல் வைத்துப் படித்துக் காட்டினேன்.

"எழுதறவன் இன்னா வேணா எழுதுவான் பாப்பா" என்றார் நைனா. "எழுதிட்டா நெசமாயிடுமா? 'சுத்தமான நெய் கிடைக்கும்'னு நம்ம கடத்தெருவுல எழுதினது யாரு? நான்தான். அங்க நெய்யா விக்கிறான்?"

"அப்போ நீ எழுதின வக்கீல் போர்டு மட்டும் நெசமா?"

"அது வேற. நெய்யி யாவாரம். இது படிப்பு. படிப்புல யாராச்சும் பொய் எழுதுவாங்களா?" அதோடு தீர்ப்பையும் சொல்லிவிட்டார். "ஒரே ஒரு போர்டு காட்டு. பி.எஸ்சி.பி.எல்.னு ஒண்ணே ஒண்ணு. நானே உன்னைக் கூட்டிக்கினு போறேன். இல்லன்னா ஓரிக்கைக்கு ஆள் அனுப்பிடறேன்."

"காட்டறேன்" என்றேன்.

அந்த ஆனி மாதம் முழுக்க நான் அண்ணாந்துகொண்டே நடந்தேன். காஞ்சிபுரத்தில் வக்கீல்கள் இருக்கும் தெருக்களில் ஒரு வாசல் விடவில்லை. செங்கல்பட்டுக்குப் போனேன். மதுராந்தகத்துக்குப் போனேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கடந்துபோகும் பலகைகளை எல்லாம் படித்தேன். பி.ஏ., பி.எல். மறுபடியும் பி.ஏ., பி.எல். காஞ்சிபுரத்தில் பாதிப் பலகைகளில் நைனாவின் கையெழுத்தே என்னைப் பார்த்துச் சிரித்தது. செங்கல்பட்டில் ஒரு 'பி.காம்., பி.எல்.' கிடைத்தபோது, புதையல் கிடைத்தவள்போல வீட்டுக்கு வந்தேன்.

"அது கணக்கு" என்றார் நைனா. "வக்கீலுக்குக் கணக்கு வேணும். பூச்சி எதுக்கு வேணும்?"

அம்மா திரும்பி நின்று சிரித்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. அழுதால் ஓரிக்கைக்கு ஆள் போய்விடும் என்று தெரியும். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. போர்டைப் படித்தது போதும், இனி ஆளையே கேட்பது என்று மறுநாள் காஞ்சிபுரத்துக்குக் கிளம்பினேன்.

முதலில் ஏறிய இரண்டு வீட்டில் குமாஸ்தாக்கள் என்னை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் குமாஸ்தா இல்லை. வக்கீலே முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். வாசலில் நைனா எழுதிய பலகை, பி.ஏ., பி.எல். என்று பளிச்சென்று தொங்கியது. என்ன கேட்பது என்று வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்றபோது, அவர் மேஜை மேல் பேனாக்கள் செருகியிருந்த மரச்சட்டம் கண்ணில் பட்டது. மேல் கட்டையில் வரிசையாக வட்டத் துளைகள், கீழ்க் கட்டையில் அதற்கு நேராகக் குழிகள், ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் முளைகள். மற்றவர்களுக்கு அது பேனா ஸ்டாண்டு. லேபில் நாள் முழுக்க நின்றவளுக்கு அது சோதனைக் குழாய் வைக்கும் சட்டம்.

"சார், நீங்க கெமிஸ்ட்ரியா?" என்று கேட்டேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவர் பேப்பரை இறக்கினார். "ஆமா. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. உனக்கு யாரும்மா சொன்னது?"

"போர்டுல பி.ஏ.ன்னு இருக்கே சார்!"

"ஓ, அதுவா?" என்று அவர் சிரித்தார். "உத்திரமேரூர்ல ஒரு பெயிண்டர்கிட்ட குடுத்தேன். நான் பி.எஸ்சி.ன்னுதான் சொன்னேன். அவர் வக்கீல்னு கேட்டதும் பாதிக் காதை மூடிக்கிட்டார்போல. போர்டோட வந்து மாட்டிட்டுப் போயிட்டார். திருப்பி எழுதச் சொல்லணும்னு நெனைச்சேன். அன்னிக்குச் சாயங்காலமே புதுசா ரெண்டு கட்சிக்காரங்க கேஸோட வந்தாங்க. சரி, ராசியான போர்டுன்னு விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பதா, அவர் மேஜையைப் புரட்டிப் போடுவதா என்று தெரியவில்லை. என் ஆவணி மாதம் இவருடைய ராசியில் சிக்கிக்கொண்டு கிடந்திருக்கிறது.

"அந்தப் பெயிண்டர்தான் சார் எங்க நைனா" என்றேன். பிறகு எல்லாக் கதையையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "என் செட்டுல கணக்கு படிச்சவன் இருந்தான், சமஸ்கிருதம் படிச்சவன் இருந்தான். எவனும் எவனையும் என்ன படிச்சேன்னு கேட்டதில்லை. நீ போடும்மா அப்ளிகேஷன்" என்றார்.

நேராகக் கடைக்குப் போய்ச் சொன்னேன். நைனா நம்பவில்லை. "அவரு சொல்லவே இல்ல" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே, "சொல்லிருந்தா எழுதிருப்பேனே" என்றார். பிறகு ஆணியில் தொங்கிய அச்சைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளுத்துப்போன முகத்தோடு அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை. "இன்னும் எத்தினி பேரோட பி.எஸ்சி.யை இந்த அச்சு தின்னுகீதோ" என்றேன். அவருக்குச் சோறு கொண்டுவந்திருந்த அம்மா என்னை முறைத்தாள்.

மறுநாள் காலையில் நைனா பெயிண்ட் டப்பாக்களையும் தூரிகையையும் பையில் எடுத்துக்கொண்டார். "வா" என்றார். இரண்டு பேரும் முதல் பஸ்ஸில் காஞ்சிபுரத்துக்குப் போனோம்.

வக்கீல் அவரைப் பார்த்ததும் பதறிவிட்டார். "ஐயையோ, வேணாங்க. போர்டு அது பாட்டுக்கு இருக்கட்டும். ராசி போயிடும்."

"உங்க ராசி உங்ககிட்டயே இருக்கட்டும் சார்" என்றார் நைனா. "தப்பு என் கையில கீது. ஊரெல்லாம் பாத்துக்கினு போவுது."

ஏணி போட்டு ஏறினார். பழைய எழுத்தின் மேல் வெள்ளையை அடித்து மறைத்தார். அது காயும்வரை எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு டீகூடக் குடிக்க வரமாட்டேன் என்றுவிட்டார். காய்ந்ததும் சாக்பீஸ் பொடி தடவிய நூலைக் கட்டித் தட்டினார், கோடு விழுந்தது. அச்சு இல்லாமல், ஒவ்வொரு எழுத்தையும் கையாலேயே எழுதினார். 'பி.எஸ்சி., பி.எல்.' இறங்கி வந்து தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"போர்டு காட்டுன்னு கேட்டேன் இல்ல? தோ கீது" என்றார். "நட, அப்ளிகேஷன் வாங்கிக்கினு வரலாம்."

தானே எழுதிய போர்டைத் தானே சாட்சியாக ஏற்றுக்கொள்ளும் நீதிபதியை நான் அதற்குப் பிறகு எந்தக் கோர்ட்டிலும் பார்த்ததில்லை. அன்றைக்கு அதை எடுத்துச் சொல்லும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

பட்டணத்துக்குச் சேர்க்கைக்குக் கூப்பிட்டபோது நைனா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். ஏன் விலங்கியல், எதற்குச் சட்டம் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் எனக்கே பாடம் நடத்தினார். உயிருள்ளதைப் பற்றிப் படித்தவளுக்கு மனுஷங்க கஷ்டமும் புரியும் என்று சொல்ல வேண்டுமாம். மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா என் சான்றிதழைப் பார்த்தார். "டிகிரி பாஸ். சரி. அந்த ஜன்னலுக்குப் போங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

நைனா நகரவில்லை. "சார், அது விலங்கியல் சார்" என்றார்.

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "இருக்கட்டுமே" என்றார்.

நைனாவுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. வெளியே வந்ததும், "இன்னா பாப்பா, ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்றான்!" என்று குறைப்பட்டுக்கொண்டார். பயந்து பயந்து வந்த மனுஷர், பயப்பட ஒன்றுமில்லை என்றதும் கோபித்துக்கொண்டார். நான் அங்கேயே நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

இப்போதும் பிள்ளைகள் வந்து, சட்டம் படிக்க முன்னால் எது படித்தால் நல்லது என்று கேட்கிறார்கள். தவளையை அறுத்தவளுக்கு ஒப்பந்தச் சட்டம் அல்வா மாதிரி இறங்கியது என்று நான் கதை விட மாட்டேன். முதல் வருஷம் ஒன்றுமே இறங்கவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரித்திரத்துக்கும் இறங்கவில்லை, அதற்குப் பக்கத்தில் இருந்த பொருளாதாரத்துக்கும் இறங்கவில்லை. எங்கள் எல்லாருக்கும் பொதுச் சத்துரு இங்கிலீஷ்தான். ஒரு பக்கத்தைப் புரியும்வரை திரும்பத் திரும்பப் படித்தவர்கள் தேறினார்கள். மற்றவர்கள் பி.ஏ.வாக இருந்தாலும் தேறவில்லை. நான் பிடிவாதக்காரி, ஆகவே தேறினேன். ஓரிக்கைப் பையன் அடுத்த தையிலேயே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு சீனியரிடம் சில வருஷம் இருந்துவிட்டு, எண்பதுகளின் நடுவில் உத்திரமேரூரிலேயே ஒரு அறை பார்த்தேன். போர்டு எழுத வேண்டும். அதற்குள் எனக்கு ஒரு வீறாப்பு வந்திருந்தது.

"என் பேரும், வக்கீல்னும் எழுது நைனா. அது போதும். நான் இன்னா படிச்சா யாருக்கு இன்னா?"

"படிப்பை எழுதத்தான் எழுதுவேன்" என்றார்.

"லா காலேஜ்லயே எவனும் கேக்கல. 'இருக்கட்டுமே'ன்னான். நீதானே பாத்தே?"

நைனா நூலில் சாக்பீஸ் பொடியைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார். "அவன் கேக்க மாட்டான். என்னை மாரி ஒருத்தன் கேப்பான். போர்டு காட்டுன்னு பொண்ணாண்ட கேட்டுக்கினு குந்திக்கினு இருப்பான். அந்தப் பொண்ணு ஊரு ஊரா எங்க போய்த் தேடும்?"

நான் அதற்குமேல் வாதம் செய்யவில்லை. என் தொழிலில் நான் தோற்ற முதல் வழக்கு அதுதான்.

மறுநாள் காலையில் போனபோது பலகையை மாட்டி முடித்திருந்தார். என் பெயர் கறுப்பில் இருந்தது. வக்கீல் என்பது கறுப்பில் இருந்தது. பி.எல். கூடக் கறுப்பில்தான் இருந்தது. பி.எஸ்சி.யை மட்டும் சிவப்பில் எழுதியிருந்தார்.